வாசகர் கேள்வி – பதில்: இருட்டில் நடந்த போரும் இன்னும் ஆறாத கோபமும்

சென்ற இதழில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் எட்டாவது சீசனைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதப்போக, வடசென்னையிலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. ஏறத்தாழ எல்லாமே அந்தச் சீசனின் மூன்றாவது எபிசோடைப் பற்றியவை. வின்டர்ஃபெல் கோட்டைக்கு வெளியே உயிரோடிருப்பவர்கள், நைட் கிங் என்பவன் நடத்திவரும் இறந்தவர்களின் படையோடு ஓர் இரவு முழுவதும் மோதும் அந்த 82 நிமிடங்கள் இத்தனை ஆண்டுகள் கழித்தும் வீடுகளில் சண்டை மூட்டுகின்றன என்று தெரிகிறது. இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம். முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

கேள்வி: ஐயா, 2019 ஏப்ரலில் என் மகன் கல்லூரிக்குப் புறப்படுவதற்கு முன் காலை ஆறரை மணிக்கே எழுந்து உட்கார்ந்து அந்தப் போரைப் பார்த்தான். முடிந்ததும் “ஒன்றுமே தெரியவில்லை அம்மா” என்று எரிந்து விழுந்தான். சென்ற மாதம் அவனோடு உட்கார்ந்து நானும் பார்த்தேன். எனக்கும் பாதி தெரியவில்லை. ஒளிப்பதிவாளரோ நம் டி.வி.யைத்தான் குறை சொன்னாராம். தவறு யாருடையது? – ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: அம்மா, தங்கள் மகன் பார்த்த நேரத்தைக் குறிப்பிட்டது மிகவும் நல்லதாயிற்று. அமெரிக்காவில் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு, விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பதற்கென்று எடுக்கப்பட்ட படம் நமக்குத் திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வந்து சேர்ந்தது. ஏப்ரல் கடைசியில் நம் ஊரில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும்; ராயபுரத்தில் கிழக்கே பார்த்த வீடென்றால் கடல் மேலிருந்து வரும் வெயில் நேராக டி.வி. திரையில்தான் விழும். அன்று காலை பலர் கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தார்கள். அந்தக் கருத்த திரையில் அவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் அவர்கள் முகம்தான்.

ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், தாம் எடுத்த படம் இருட்டாக இல்லை என்றும், பலருக்குத் தங்கள் டி.வி.யைச் சரியாக அமைத்துக்கொள்ளத் தெரிவதில்லை என்றும் சொன்னது உண்மை. அதில் பாதி நியாயம் இருக்கிறது. இணையத்தின் வழியே படத்தை அனுப்பும்போது அதைச் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று கருதப்படும் நுட்பங்களே சுருக்கும்போது முதலில் கைவிடப்படும். கருமைக்கும் அதைவிடச் சற்றே வெளிறிய கருமைக்கும் உள்ள வேறுபாடு அவற்றில் முதன்மையானது. பட்டறையில் நல்ல திரையில் பார்த்தவருக்குப் பனிமூட்டத்துக்குள் நகரும் ஆயிரம் பிணங்கள் தெரிந்திருக்கும். நமக்கு அதே இடத்தில் கட்டம் கட்டமாக உடைந்த சாம்பல் நிறம்தான் வந்தது. சாதாரண எல்.சி.டி. திரையில் பின்னாலிருந்து வெளிச்சம் கசிந்துகொண்டே இருப்பதால் முழுக் கறுப்பு என்பதும் அதில் கிடையாது.

ஆனால் மீதிப் பாதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பல கோடிப் பேர் வீட்டுத் திரையில் பார்க்கப்போவதைத் தெரிந்தே எடுப்பவர், அந்த வீட்டுத் திரையை மனத்தில் வைத்துத்தான் எடுத்திருக்க வேண்டும். கூத்து மேடையில் பெட்ரோமாக்ஸ் விளக்கை எங்கே தொங்கவிடுவது என்று முடிவு செய்கிறவர், கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டியைக் கேட்காமல் முடிவு செய்வதில்லை. இந்த எபிசோடை இயக்கிய மிகேல் சபாச்னிக், 2022இல் இதன் முன்கதையான ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ தொடரில் இயக்கிய ஒரு எபிசோடுக்கும் அதே “தெரியவில்லை” என்ற கூச்சல் எழுந்தது. வேண்டுமென்றே செய்த கலைமுடிவு என்றுதான் அப்போது தொடரை வெளியிட்ட நிறுவனத்தின் தரப்பில் பதில் வந்தது. ஒருமுறை நடந்தால் டி.வி.யைக் குறை சொல்லலாம், இரண்டாம் முறையும் நடந்தால் எடுத்தவரிடம்தான் கேட்க வேண்டும். தங்கள் மகன் தன் கண்ணைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அடுத்த முறை இரவில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தோத்ராக்கிக் குதிரைப்படை முழுவதையும் முதலிலேயே இருட்டுக்குள் அனுப்பியது எந்த ஊர்ப் போர்முறை? கல்லெறி பொறிகளைக் காலாட்படைக்கும் முன்னால் நிறுத்தியதை என் நண்பர்கள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். – கல்லூரி மாணவர், வியாசர்பாடி

பதில்: சிரிக்கட்டும், அவர்கள் சிரிப்பது சரிதான். அகழியை வெட்டிவிட்டு அதற்கு வெளியே படையை நிறுத்துவதும், கல்லெறி பொறிகளை எதிரிக்கு முதல் பலியாகும்படி வைப்பதும், எதிரி எங்கே இருக்கிறான் என்றே தெரியாமல் குதிரைகளை விரட்டுவதும் எந்தப் போர்நூலிலும் இராது. ஆனாலும் அந்த எபிசோடில் எனக்குப் பிடித்த காட்சியும் அந்தத் தோத்ராக்கிக் காட்சிதான். மந்திரக்காரி மெலிசாண்ட்ரே வந்து மந்திரம் சொன்னதும் ஆயிரக்கணக்கான வளைவாள்கள் தீப்பற்றுகின்றன. அந்த ஒளிக்கூட்டம் முழக்கத்தோடு பாய்ந்து போகிறது. பிறகு தொலைவில் ஒவ்வொரு சுடராக அணைந்து முடிவில் ஒன்றுமில்லாமல் போகிறது. ஒரு பிணத்தைக்கூடக் காட்டாமல் பயத்தை மூட்டிவிட்டார்கள். இருட்டு தன் வேலையைச் செய்த இடம் அது.

கேள்வி: எட்டு ஆண்டுகளாக நாயகன் ஜான் ஸ்னோவுக்கும் நைட் கிங்குக்கும்தான் இறுதிப் போர் என்று வளர்த்துவிட்டு, ஆர்யா என்ற சின்னப் பெண் பாய்ந்து குத்திக் கதையை முடித்தது அநியாயம் என்கிறான் என் பேரன். என் பேத்தியோ அந்த இடத்தில் கைதட்டினாள். நான் யார் பக்கம் சேர்வது? – ஓய்வு பெற்ற ஆசிரியர், கொருக்குப்பேட்டை

பதில்: ஐயா, பேத்தி பக்கம் சேருங்கள், ஆனால் பேரனைத் திட்டாதீர்கள். ஆர்யா திடீரென்று முளைத்தவள் அல்லள். முதல் சீசனில் அவளுக்கு வாள் பழக்கிய சிரியோ ஃபொரேல் மரண தெய்வத்திடம் சொல்லக் கற்றுக்கொடுத்த “இன்றைக்கு இல்லை” என்ற பதில், மூன்றாவது சீசனில் நீலக் கண்களையும் மூடுவாய் (நைட் கிங்கின் கண்கள் நீலம்) என்று மெலிசாண்ட்ரே சொன்ன வாக்கு, ஏழாவது சீசனில் தம்பி பிரானிடமிருந்து கிடைத்த வலேரியக் குத்துவாள், அதே எபிசோடில் பெண்வீரர் பிரியனுடன் வாள்பயிற்சி செய்யும்போது ஒரு கையிலிருந்து நழுவவிட்டு மறு கையில் பிடிக்கும் அந்த வித்தை – எல்லாம் ஏற்கெனவே தூவப்பட்ட விதைகள். அவள்தான் குத்தப்போகிறாள் என்பதை ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு முன்பே முடிவு செய்துவிட்டதாகத் தயாரிப்பாளர்கள் சொன்னார்கள். ஆர்யாவாக நடித்த மெய்ஸி வில்லியம்ஸோ, இதை அறிந்ததும் எல்லோரும் வெறுக்கப்போகிறார்கள் என்றே முதலில் அஞ்சினாராம். அதற்கு மாறாக, சிகாகோவில் ஒரு மதுக்கூடத்தில் அந்த நொடியில் கூட்டம் துள்ளிக் குதித்த காட்சி உலகமெங்கும் பரவியது. முதல் நாள் முதல் காட்சியில் அகஸ்தியா தியேட்டரில் காகிதம் பறக்கக் கேட்ட விசில் சத்தத்துக்குச் சற்றும் குறையாத சத்தம் அது.

பேரனுடைய வருத்தத்துக்கும் வேறொரு காரணம் இருப்பதாக நினைக்கிறேன். நைட் கிங் தொடர் முழுவதிலும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. அவன் எதற்காக வருகிறான், சுருள் வடிவமாக உடல்களை ஏன் அடுக்குகிறான், பிரானோடு அவனுக்கு என்ன உறவு என்றெல்லாம் ரசிகர்கள் தாமாகவே ஆண்டுக்கணக்கில் யோசித்து யோசித்து அவனுக்கு ஒரு மனத்தையே கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒரே குத்தில் பனிக்கட்டியாகச் சிதறியது அவன் மட்டுமல்லன், அந்த யோசனைகளும்தான். அதற்குப் பிறகு இன்னும் மூன்று எபிசோடுகள் மீதமிருந்தது புண்ணில் உப்பு. பேரனுக்கு ஆர்யா மீது கோபமில்லை ஐயா. தான் போட்ட உழைப்புக்குக் கூலி கிடைக்கவில்லை என்ற கோபம்.

கேள்வி: எங்கள் தாத்தா பாரதம் படிக்கக் கேட்டு வளர்ந்தவர். இந்தப் போரைப் பார்த்துவிட்டு, “நம் பதினான்காம் நாள் ராத்திரிக்கு இது உறை போடக் காணாது” என்று எழுந்து போய்விட்டார். அப்படி என்ன இருக்கிறது அதில்? – ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: தாத்தாவுக்கு என் வணக்கம். இந்தக் கட்டில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் தங்களுடையதுதான்.

குருட்சேத்திரப் போர் சூரியன் சாய்ந்தால் நின்றுவிடும் என்பது வழக்கம். ஜயத்ரதன் கொல்லப்பட்ட பதினான்காம் நாள் மட்டும் கோபம் தணியாமல் இரவிலும் தொடர்ந்தது. இருட்டில் யார் எவரென்று தெரியாமல் தம்மவரையே வெட்டிக்கொள்கிறார்கள். ஆகவே துரியோதனன் விளக்கேற்றச் சொல்கிறான். தேருக்கு ஐந்து, யானைக்கு மூன்று, குதிரைக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு விளக்கு வைக்கிறார்கள். சபாச்னிக்கின் குழு வட அயர்லாந்துக் குளிரில் 55 இரவுகள் மல்லாடிய அதே சிக்கலைப் பாரதம் சொன்னவர் கதைக்குள்ளேயே கொண்டுவந்து தீர்த்துவிட்டார் பாருங்கள். ராயபுரத்து வாசகிக்கு வந்த சந்தேகம் துரியோதனன் படைக்கே வந்துவிட்டது!

தாத்தா எழுந்து போனது வெளிச்சத்துக்காக மட்டும் இராது. அந்த இரவில்தான் கடோத்கசன் சாகிறான். இருட்டில் அரக்கர் பலம் பெருகும்; அவன் கௌரவர் படையைத் துவம்சம் செய்கிறான்; வேறு வழியில்லாமல், அர்ச்சுனனுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த இந்திரனின் சக்தி ஆயுதத்தைக் கர்ணன் அவன் மீது எறிகிறான். பாண்டவர்கள் அழுகிறார்கள், கண்ணனோ மகிழ்கிறான். ஒரே ஒருமுறை பயன்படும் ஆயுதம் செலவாகிவிட்டது, அர்ச்சுனன் பிழைத்தான், அந்தக் கணத்திலேயே கர்ணனின் பதினேழாம் நாள் எழுதப்பட்டுவிட்டது. அதற்கும் வெகு முன்னமே கவசகுண்டலத்தை இந்திரன் கேட்டு வாங்கிப்போயிருந்தான். காப்பைக் கழற்றாமல் வீரனைக் கொல்வதில்லை, ஒருவன் சாவில் ஏதோ ஒன்று செலவாகாமல் இருப்பதில்லை என்பதில் பாரதம் கறாராக இருக்கிறது.

இந்தக் கணக்கு வின்டர்ஃபெல்லில் இடிக்கிறது. பிணங்கள் மொய்த்து அமுக்கிய பிரியனும் ஜேமியும் சாமும் அடுத்த காட்சியில் மூச்சுவிடுகிறார்கள். கழற்றப்படாத கவசகுண்டலம் அத்தனை பேருக்கும் இருக்கிறது. சுடர் சுடராக அணைந்த தோத்ராக்கிகளில் பாதிப்பேர் அடுத்த எபிசோடில் மிச்சமிருக்கிறார்கள், அதற்கடுத்த எபிசோடில் நகரத்துக்குள் குதிரையேறிப் பாய்கிறார்கள். பிறகு அந்தச் சுடர்கள் அணைந்தபோது என் நெஞ்சு அடைத்ததற்கு என்ன பொருள்? பிணப்படையின் ராட்சதனையே குத்திச் சாய்த்துவிட்டுச் சாகும் சிறுமி லியானா மோர்மான்டுக்கும், பிரானைக் காத்து விழும் தியானுக்கும், அரசி டெனேரிஸுக்காக உயிர் விடும் ஜோராவுக்கும் நான் மனமாரக் கலங்கினேன். ஆனாலும் அவர்களில் ஜோராவின் சாவு ஒன்றுதான் பிறகு கதையில் கனக்கிறது. ஆலோசனை சொல்ல ஆளில்லாமல் டெனேரிஸ் தனித்துப் போவதில் அதற்குப் பங்குண்டு. ரசிகர்கள் “இன்னும் நிறையப் பேர் செத்திருக்க வேண்டும்” என்று கேட்டபோது அது கொடூரமாகப் பட்டது. அவர்கள் கேட்டது பிணக்கணக்கை அல்ல, தங்கள் தாத்தா கேட்ட அதே செலவுக்கணக்கைத்தான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

கேள்வி: எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லை. ஒரே ஒரு போர் எபிசோட் பார்ப்பதென்றால் எது? – ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: 2016இல் வந்த ‘பேட்டில் ஆஃப் த பாஸ்டர்ட்ஸ்’ என்றுதான் பலரும் சொல்வார்கள், 25 நாள் படப்பிடிப்பு, 500 துணை நடிகர்கள், 70 குதிரைகள், சபாச்னிக்குக்கு எம்மி விருது. பிணக்குவியலுக்கு நடுவே ஜான் மூச்சுத் திணறும் காட்சியைத் திருவிழாக் கூட்டத்தில் சிக்கியவர்கள் நன்றாகவே உணர்வார்கள். என் தேர்வு 2012இல் வந்த, இரண்டாவது சீசனின் ஒன்பதாவது எபிசோடான ‘பிளாக்வாட்டர்’. மூலக்கதையை எழுதிய ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினே அதற்குத் திரைக்கதை எழுதினார். இரு பக்கமும் நமக்கு வேண்டியவர்கள் நிற்பதால் யார் ஜெயித்தாலும் வயிறு கலங்கும். அதுவும் இரவுப் போர்தான் அம்மா. பச்சை நிறத்தில் ஆறே பற்றி எரிவதால், எல்லாம் தெளிவாகத் தெரியும்.