தாங்கித் தண்ணீரில் கரண்ட் எடுக்கலாமா?

கேள்வி: யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருக்கிறோம். கிணற்றுத் தண்ணீரை அரைக் குதிரைவலு மோட்டரால் 5 மீற்றர் உயரத் தாங்கிக்கு ஏற்றுகிறோம். நாளுக்கு 1000 லீற்றர் முடிகிறது. அது இறங்கும் குழாயில் ஒரு சின்ன ஜெனரேட்டரைப் பூட்டினால், கரண்ட் இல்லாத நேரத்தில் ஒரு பல்பும் வைஃபை ரவுட்டரும் ஓடுமா?

பதில்: ஓடாது. ஜெனரேட்டரை வாங்க முதல் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

1000 லீற்றர் தண்ணீர் 5 மீற்றர் கீழிறங்கும்போது கிடைக்கும் மொத்தச் சக்தி 13.6 வாட்-மணி. குழாயின் உராய்வு, ஜெனரேட்டரைச் சுற்றும் சின்னச் சுழலியின் இழப்பு எல்லாம் போகப் பாதி கையில் வந்தாலே பெரிய விசயம். இன்றைய ஒரு கைத்தொலைபேசியின் பற்றரியே 19 வாட்-மணி அளவில் இருக்கிறது. அதாவது வீடே ஒரு நாள் குளித்து, தோய்த்து, சமைத்து முடித்தாலும் ஒரு போன் பாதிகூட ஏறாது. அதே தண்ணீரை மேலே ஏற்ற உங்கள் மோட்டர் ஏறத்தாழ கால் யூனிட், அதாவது 250 வாட்-மணி அளவில் எடுத்திருக்கும். நீங்கள் காசு கட்டிய கரண்டில் ஒரு துளியைத்தான் திருப்பி எடுக்கப் பார்க்கிறீர்கள்.

ஜெனரேட்டர் பெட்டியில் 10 வாட் என்று போட்டிருக்கும், உண்மைதான். ஆனால் அது பல மடங்கு அழுத்தமுள்ள குழாய்க்குரியது. 5 மீற்றர் தாங்கி தருவது அரை பார் அழுத்தம் மட்டுமே. அதையும் சுழலி பிடித்துக்கொண்டால் ஷவரில் தண்ணீர் நூலாகத்தான் வரும். அப்புறம் நம் சுண்ணாம்புக்கல் தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, சூடில்லாத குழாயில் அவ்வளவு வேகமாக இல்லாவிட்டாலும், அதே படிவு காலப்போக்கில் சுழலியின் இதழ்களிலும் ஏறலாம்.

மழைத் தண்ணீரையும் சிலர் கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்குச் சுமார் 1250 மில்லிமீற்றர் மழை. 100 சதுர மீற்றர் கூரையில் விழுவது முழுவதையும் 3 மீற்றர் இறக்கினாலும், வருசம் முழுவதற்கும் ஏறத்தாழ ஒரு யூனிட்! நீர்மின்சாரத்துக்குத் தண்ணீரின் அளவோடு உயரமும் வேண்டும். 1950இல் தொடங்கிய மலைநாட்டு லக்சபான நீர்மின் நிலையத்தில் தண்ணீர் மலையிலிருந்து நூற்றுக்கணக்கான மீற்றர் விழுகிறது. நம் குடாநாடு தட்டை நிலம், வருசம் முழுக்க ஓடும் ஆறும் இல்லை.

சரி, உங்கள் தேவைக்கு வருவோம். 10 வாட் ரவுட்டரும் 9 வாட் எல்.ஈ.டி. பல்பும் நான்கு மணி நேரம் ஓட 80 வாட்-மணி போதும். ஒரு 50 வாட் சோலார் பனல் நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 200 வாட்-மணி தரும். பனலைத் தெற்கு நோக்கி 10 பாகை சாய்த்து வையுங்கள். தென்னை, பனை நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் வரவு வெகுவாகக் குறையும், அதனால் காலையிலும் மாலையிலும் கூரையைப் பார்த்துவிட்டு இடத்தைத் தெரிவு செய்யுங்கள். பற்றரி அளவுக்கு மீறி ஏறாமல் காக்கும் சார்ஜ் கொன்ட்ரோலரும் 12 வோல்ட், 20 அம்பியர்-மணி லிதியம் பற்றரியும் சேர்த்தால் மழை மூட்டமான ஓரிரு நாளையும் தாங்கும். பற்றரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் கட்டாயம். பல ரவுட்டர்கள் 12 வோல்ட்டிலேயே ஓடும். உங்களுடையதன் அடாப்டரில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள், 12 என்றால், பல்பையும் 12 வோல்ட் பல்பாக வாங்கினால் இன்வேர்ட்டரே தேவையில்லை.

தாங்கிப் பக்கம் கரண்ட் மிச்சம் பிடிக்க ஆசையென்றால், கிணற்றுக்குள் குழாயின் அடி நுனியில், தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வைப் பாருங்கள். அது கசிந்தால் குழாய் வெறுமையாகி, மோட்டர் தண்ணீர் இழுக்காமல் சும்மா ஓடும். அந்த வால்வை மாற்றுவது எந்தச் சுழலியையும் விட லாபம்.