பெந்தெகொஸ்தே வீட்டுச் சம்பந்தம்: அவங்க புராட்டஸ்டன்டா?

கேள்வி: நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). மகளுக்கு இரண்டு இடம் வந்திருக்கிறது. ஒன்று திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் பெந்தெகொஸ்தே குடும்பம், இன்னொன்று கோட்டயத்திலிருந்து வந்து கோவையில் குடியிருக்கும் ஆர்த்தடாக்ஸ் குடும்பம். "சி.எஸ்.ஐ. மட்டும்தான் புராட்டஸ்டன்ட், அல்லேலூயா கூட்டமெல்லாம் அந்தக் கணக்கில் வராது" என்கிறார் என் அண்ணன். ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்) இல்லாத எல்லாருமே புராட்டஸ்டன்ட்தான் என்கிறார் வீட்டுக்காரர். யார் சொல்வது சரிங்க?
- ஒரு வாசகி, பெருந்துறை

பதில்: இரண்டு பேர் சொல்வதும் தப்புங்க.

முதலில் வீட்டுக்காரர். போப்பை ஏற்காததாலேயே கோட்டயத்துக்காரர்கள் புராட்டஸ்டன்ட் ஆகிவிட மாட்டார்கள். அவர்கள் சேர்ந்த கீழைச் சபைகள் பிரிந்தது 451-ல் நடந்த கால்சிடோன் சங்கம் என்ற ஆயர்கள் கூட்டத்தை ஒட்டி. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர் தன் 95 கருத்துகளை வெளியிட்டது 1517-ல். கால்சிடோன் சண்டை ஆயிரம் வருஷம் மூத்தது, லூத்தரின் சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ஒன்று விசாரியுங்கள்: நம் பக்கத்தில் கேரளாவிலிருந்து வந்த எல்லாரையும் சேர்த்து 'சிரியன்' என்று சொல்லிவிடுகிறோம், அவர்கள் மார்த்தோமா சபையாக இருந்தால் கதை வேறு. 19-ம் நூற்றாண்டில் சீர்திருத்தம் பண்ணிக்கொண்ட சபை அது, சி.எஸ்.ஐ.யோடு திருவிருந்து உறவும் (ஒருவர் சபையில் மற்றவர் நற்கருணை பெறலாம்) இருக்கிறது.

இப்போது அண்ணன். 16-ம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்தில் வேர் இருக்க வேண்டும், வேதாகமமே கடைசி அதிகாரம், விசுவாசத்தினால்தான் இரட்சிப்பு என்று நம்ப வேண்டும், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்கிற திரித்துவத்தை ஏற்க வேண்டும். பொதுவாக இதை வைத்துத்தான் ஒரு சபையைப் புராட்டஸ்டன்ட் என்கிறார்கள். சி.எஸ்.ஐ. இதில் வரும், சரி. ஆனால் அதுவே 1947 செப்டம்பர் 27-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் சேர்ந்து உண்டானதுதான். ஈரோட்டில் பிரப் ரோட்டுக்குப் பெயர் தந்த பிரப் துரை லண்டன் மிஷன்காரர். ஐக்கிய சபையில் இருந்த அந்த மிஷன் வழிவந்த சபைகளில் சி.எஸ்.ஐ. உண்டாகும்வரை பிஷப் என்ற பதவியே இருந்ததில்லை. ஆங்கிலிக்கன்களிலோ இன்றைக்கும் பலர் தங்களைப் புராட்டஸ்டன்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுவார்கள். அப்புறம், 1706-ல் தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் தொடங்கிய வேலையின் வழியில் வந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை சி.எஸ்.ஐ.யில் சேரவே இல்லை; லூத்தர் பெயரையே சுமக்கிற சபையை உங்கள் அண்ணன் வெளியே தள்ளிவிட்டால் உள்ளே யாரைத்தான் வைப்பார்?

பாப்டிஸ்ட், சகோதரர் சபை, ரட்சணிய சேனை, சனிக்கிழமை ஆராதனை நடத்தும் அட்வென்டிஸ்ட் எல்லாரும் உள்ளேதான். யெகோவாவின் சாட்சிகள் இல்லை, அவர்கள் திரித்துவத்தையே மறுக்கிறவர்கள்.

பெந்தெகொஸ்தேயும் உள்ளேதான். மெதடிஸ்ட் இயக்கத்திலிருந்து பரிசுத்த இயக்கம் கிளைத்து, அதிலிருந்து 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் நடந்த எழுப்புதல் வழியாக வளர்ந்தவர்கள். டிரம்ஸும் கைதட்டலும் அந்த வம்சாவளியை மாற்றாது. "நாங்கள் புராட்டஸ்டன்ட் இல்லை, விசுவாசிகள்" என்று அவர்களே சொன்னாலும் ஆச்சரியப்படாதீர்கள். 'இயேசுவின் நாமத்தில் மட்டும்' ஞானஸ்நானம் கொடுக்கிற ஒரு பிரிவு உண்டு, அவர்கள் திரித்துவத்தை ஏற்பதில்லை. மாப்பிள்ளை வீட்டின் சபை அதுவா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக ஜாதகம் மாதிரி நீங்கள் கொடுக்கிற பயோடேட்டாவில் உங்கள் வீட்டுக்கும் பெந்தெகொஸ்தே வீட்டுக்கும் புராட்டஸ்டன்ட் என்ற ஒரே சொல்லை எழுதலாம். ஆனால் நிச்சயத்துக்கு முன்னால் பேச வேண்டியது அந்தச் சொல்லைப் பற்றி இல்லீங்க. உங்கள் மகளுக்குக் குழந்தையிலேயே ஞானஸ்நானம் ஆகியிருக்கும். பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை, முழுக்கு (தண்ணீரில் முழுகிப் பெறும் ஞானஸ்நானம்) எடுக்கச் சொல்வார்கள், சி.எஸ்.ஐ.யிலோ இரண்டாவது ஞானஸ்நானம் கிடையாது. முழுக்கு எடுத்தால்தான் கல்யாணமா, எடுக்காவிட்டாலும் பரவாயில்லையா என்று நேராகக் கேளுங்கள். தாலி, நகை விஷயமும் அப்படித்தான், பல சபைகளில் பொட்டு நகை கூடப் போட மாட்டார்கள், நீங்கள் மகளுக்கென்று சேர்த்து வைத்த பவுன் பீரோவிலேயே கிடக்கும். கல்யாணத்தை அவர்கள் பாஸ்டர் நடத்துவதானால், 1872-ம் வருஷ இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் சர்டிபிகேட்டுக்கு அலைய வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் கேட்கிற பொறுப்பைத் தாய்மாமனிடமே விட்டுவிடுங்கள். அவர்தான் கேட்கத் தயங்காதவராகத் தெரிகிறாரே.