லண்டனில் ஒரு லார்டை வரவேற்கப் போகும் தம்பிக்கு

லண்டனுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, அதற்குள் அறக்கட்டளையின் ஆண்டு விழாவுக்கு வரும் ஒரு லார்டையும், சர் பட்டம் பெற்ற ஒருவரையும் அவர் மனைவியையும் வாசலில் நின்று வரவேற்கச் சொல்லிவிட்டார்கள், எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வந்த புதிதில் ஒரு கூட்டத்தில், சர் பட்டம் பெற்ற ஒரு பெரியவரைக் குடும்பப் பெயரோடு சேர்த்து இரண்டு முறை அழைத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா பிறகு மெல்லச் சொன்னபோது எனக்கு மிகவும் சங்கடமாகிவிட்டது. உங்களுக்கு அது வேண்டாம்.

நம் 'சார்' பெயருக்குப் பின்னால் வரும். இங்கே 'சர்' முன்னால் வரும், அதுவும் சொந்தப் பெயரோடு மட்டும். 1997இல் பட்டம் பெற்ற பாடகர் பால் மெக்கார்ட்னி 'சர் பால்'; 'சர் மெக்கார்ட்னி' என்று சொல்லவே கூடாது. சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு வாங்கிய வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். ராமகிருஷ்ணன் அவருடைய அப்பா பெயர். அதனால் அவர் 'சர் வெங்கி'. யோசித்தால் இது நமக்குப் பழகிய முறைதான், ஆளை அவர் பெயரால் அழைக்கிறோம், அப்பா பெயரால் இல்லை. பட்டம் பெற்ற பெண்களுக்கும் இதே கணக்கு: நடிகை ஜூடி டென்ச் 'டேம் ஜூடி'.

சர் பட்டக்காரரின் மனைவிக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். அவர் 'லேடி', கூடவே குடும்பப் பெயர். அவருடைய சொந்தப் பெயரைச் சேர்த்துவிடாதீர்கள். அது டியூக், மார்க்வெஸ், ஏர்ல் என்ற மேல்நிலைப் பிரபுக்களின் மகள்களுக்கு உரியது. 1975இல் அப்பா ஏர்ல் ஆன பிறகுதான் டயானா 'லேடி டயானா' ஆனார். டேம் பட்டம் பெற்றவரின் கணவருக்கோ எந்தப் பட்டமும் கிடையாது, வெறும் மிஸ்டர்தான். இது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

சரி, லார்ட், அதாவது பிரபு. 1958இல் வந்த சட்டத்துக்குப் பிறகு வாழ்நாள் வரை மட்டும் பிரபுவாக இருப்பவர்கள் நிறைய. உங்கள் விருந்தினரும் அப்படிப்பட்டவராக இருக்கலாம். தொழிலதிபர் ஆலன் சுகர் 2000இல் 'சர் ஆலன்', 2009இல் பிரபுவானதும் 'லார்ட் சுகர்'. பாரன், வைகவுன்ட், ஏர்ல், மார்க்வெஸ் என்று எந்த நிலைப் பிரபுவாக இருந்தாலும் பேச்சில் பெயருக்கு முன்னால் 'லார்ட்' போதும். டியூக்குக்கு மட்டும் 'யுவர் கிரேஸ்'. நம்மவர்கள் மரியாதை குறையக் கூடாதென்று 'மை லார்ட்' என்பார்கள். விழா வாசலில் அது நீதிமன்றத்தில் நிற்பது போல ஒலிக்கும், வேண்டாம்.

குனிய வேண்டியதில்லை, கை குலுக்கினால் போதும். மன்னரிடம்கூடத் தலை வணங்குவது கட்டாயமில்லை என்றுதான் அரண்மனையே சொல்கிறது.

அப்புறம், நான் முக்கியமாக நினைப்பது உச்சரிப்பு. சில பழைய குடும்பங்களின் பெயரில் எழுத்து ஒன்று, ஒலி வேறு. 'சோல்மோன்டெலி' என்று படிக்கத் தோன்றும் பெயரைச் 'சம்லி' என்பார்கள், 'பியூசாம்ப்' என்பது 'பீச்சம்'. அதனால் லார்டின் செயலாளருக்கு இந்த வாரமே போன் போட்டு, பெயரை எப்படிச் சொல்வது, எப்படி அழைத்தால் அவருக்குப் பிடிக்கும் என்று கேட்டுவிடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். கேட்டதை விருந்தினர் பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.