கேள்வி உங்களுடையது, கேபிள் என்னுடையது

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, புதுச்சேரியில் வேலை. இருபத்தோரு ஆண்டுகளாக நெட்வொர்க் பொறியாளராக இருக்கும் ஒரு பெண்மணி இந்த இதழில் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்பது அவருடைய நிபந்தனை. "போட்டால் எங்கள் தெரு முழுக்க வைஃபை பார்க்கக் கூப்பிடுவார்கள்" என்றார்.)

கே: உங்கள் மடிக்கணினியில் என்னென்ன மென்பொருள்கள் வைத்திருக்கிறீர்கள்?
– வாசகர், நெய்வேலி

ப: சொன்னால் ஏமாந்துபோவீர்கள். எழுதுவதற்கு விம், தொலைவிலுள்ள கருவிகளுக்குள் நுழைவதற்குப் புட்டி, பாக்கெட்டுகளை, அதாவது தரவு துண்டுதுண்டாகப் போகும் சிறு பொட்டலங்களை, பிரித்துப் பார்க்க வயர்ஷார்க். பிங்கும், தரவு போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட்டும் கணினியோடேயே வருகின்றன. மற்றவையெல்லாம் அலுவலகம் கொடுத்தவை; அவற்றில் பாதியை நான் திறந்ததே இல்லை.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது பிங். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ், ஏதோ ஒரு நெட்வொர்க் தகராறைக் கண்டுபிடிக்க ஒரே மாலையில் எழுதிய நிரல் அது. "இருக்கிறாயா?" என்று கேட்கும், "இருக்கிறேன்" என்ற பதில் வர எத்தனை மில்லிவிநாடி ஆனது என்று சொல்லும். அவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. புதுச்சேரியிலிருந்து சென்னை 150 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், போய்வர 2 மில்லிவிநாடிகூடத் தேவையில்லை. நடுவிலுள்ள கருவிகளின் தாமதத்தையும் சேர்த்து ஐந்தாறு காட்டினால் நியாயம். முப்பத்தைந்து காட்டினால், நம் தரவு மும்பையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சென்னைக்குப் போகிறது என்று சந்தேகப்படலாம். இதைச் சொன்னதற்காகவே ஒரு சேவை நிறுவனத்தின் அதிகாரி ஒரு மாதம் என் போனை எடுக்கவில்லை.

விம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெதர்லாந்துக்காரர் பிராம் மூலனார் 1991-இல் வெளியிட்டது. இலவசம். ஆனால் திறந்ததும் 'உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள்' என்று ஒரு வரி வரும். 2023 ஆகஸ்டில் அவர் இறந்த செய்தியை பஸ்ஸில், ரெட்டிச்சாவடி தாண்டும்போது படித்தேன். முகம் வாடியதைப் பார்த்துப் பக்கத்து இருக்கை அம்மா "வேண்டியவர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கே: படங்களும் பொத்தான்களும் உள்ள மென்பொருள்கள் இவ்வளவு வந்த பிறகும் கறுப்புத் திரையில் தட்டிக்கொண்டிருப்பது வீம்புதானே?
– வாசகி, பண்ருட்டி

ப: கொஞ்சம் வீம்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2024 நவம்பர் 30-ஐ நினைத்துப் பாருங்கள். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகர மனமில்லாமல் நின்று, ஒரே நாளில் 40 செ.மீ.-க்கு மேல் கொட்டித் தீர்த்தது. அன்றிரவு ஒரு மருந்து மொத்த வியாபாரியின் கிடங்குக்குப் போகும் ஃபைபர் இணைப்புகள் இரண்டும் போய்விட்டன. மிஞ்சியது சிம் போட்ட ஒரு மோடம். அதற்கும் சிக்னல் ஒரே ஒரு கோடு. வண்ண வண்ண வரைபடம் காட்டும் மேலாண்மை மென்பொருளைத் திறந்தேன். அது தன் முகப்புப் பக்கத்துப் பின்னணிப் படத்தை இறக்கிக்கொண்டே இருந்தது. ஏதோ பனிமலை. இங்கே தெருவில் இடுப்பளவு தண்ணீர்.

புட்டி வழியாகப் போனேன். தட்டிய எழுத்து இரண்டு விநாடி கழித்துத் திரையில் தெரிந்தது, ஆனால் தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு வரிகளில் பில் போடும் சர்வருக்கான போக்குவரத்தை மட்டும் அந்த மோடம் வழியாகத் திருப்பிவிட்டு மற்றதையெல்லாம் அடைத்தேன். மறுநாள் மருந்து போக வேண்டிய கடைகளுக்கு, தண்ணீர் விட்ட இடங்களுக்காவது, போய்ச் சேர்ந்தது. வெயில் நாளில் எல்லா மென்பொருளும் வேலை செய்யும். நான் மழை நாளை வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறேன்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. எழுத்தாக இருப்பதை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் இயங்குதள வேலைக்காக எழுதிய கிட் என்ற மென்பொருளில் நான் சுவிட்சுகளின் (விளக்குச் சுவிட்ச் அல்ல, நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும் பெட்டி) அமைப்புகளைச் சேர்த்து வைக்கிறேன். தினமும் நள்ளிரவு பன்னிரண்டரைக்கு எல்லாக் கருவிகளும் தங்கள் அமைப்பை அதில் கொண்டுவந்து வைத்துவிடும். "நான் எதையும் தொடவே இல்லை மேடம்" என்று யாராவது சொல்லும்போது அதைத் திறப்பேன். எந்த வரி, எந்த நாள் என்று காட்டும். குரலை உயர்த்தவே வேண்டாம்.

கே: நீங்கள் செய்த மிகப் பெரிய தவறு எது? மறைக்காமல் சொல்லவும்.
– கல்லூரி மாணவர், கடலூர் முதுநகர்

ப: மறைக்க முடியாது தம்பி, அந்த இரவுப் பணியிலிருந்த காவலாளிக்குத் தெரியும்.

சேதராப்பட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலை. இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே ஒரு டிரங்க் இணைப்பு. அதில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து விலேன்கள், அதாவது ஒரே கம்பியில் ஒன்றோடொன்று கலக்காமல் ஓடும் தனித்தனி நெட்வொர்க்குகள், போய்க்கொண்டிருந்தன. கேமராக்களுக்காகப் புதிதாக 45-ஆம் எண் விலேனைச் சேர்க்க வேண்டும். சிஸ்கோ நிறுவனச் சுவிட்சில் அதற்கான கட்டளையில் 'ஆட்' என்ற சொல் ஒன்று வர வேண்டும். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. அதைப் போட்டால் இருப்பதோடு 45 சேரும். விட்டுவிட்டால், இருப்பதெல்லாம் போய் 45 மட்டும் நிற்கும். நான் விட்டுவிட்டேன். மணி இரவு ஒன்று நாற்பது. வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து என்டர் தட்டினேன். திரை அப்படியே உறைந்தது. நான் உள்ளே போன வழியும் அந்த விலேன்களில் ஒன்றுதானே. உட்கார்ந்திருந்த கிளையையே வெட்டியிருக்கிறேன்.

கடலூரிலிருந்து சேதராப்பட்டுக்கு அந்நேரம் பஸ் ஏது? கணவரை எழுப்பி பைக்கை எடுக்கச் சொன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் இரவு ஷிப்டின் எடை மேடை நின்று லாரிகள் வரிசை கட்டிவிடும். அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது: மாற்றியதை நான் இன்னும் சேமிக்கவில்லை. மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் சுவிட்ச் கடைசியாகச் சேமித்த பழைய அமைப்போடுதான் எழும். காவலாளிக்குப் போன் செய்தேன். அறுபது வயதைத் தாண்டியவர்.

"ஐயா, கேண்டீன் பக்கத்துச் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறதா?"

"இருக்கிறதம்மா. பச்சை விளக்காக மின்னுகிறது."

"அதற்குள் மேலேயிருந்து இரண்டாவது பெட்டி. பின்னாலுள்ள கறுப்பு ஒயரைப் பிடுங்கி, முப்பது எண்ணி, மறுபடி செருகுங்கள்."

அவர் எண்ணியது போனில் கேட்டது. பொறுமையாக, ஒவ்வொன்றாக. இருபத்து மூன்றில் நின்று, "அம்மா, நடுவில் ஒரு லாரிக்காரன் கூப்பிடுகிறான், எண்ணிக்கை போய்விட்டது, முதலிலிருந்து எண்ணட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் ஐயா, செருகுங்கள் என்றேன். ஐந்து நிமிடத்தில் சுவிட்ச் எழுந்தது. மறுநாள் ஒரு கிலோ கடலூர் முந்திரியோடு போய் அவரைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து, தொலைவிலிருந்து எதைத் தொட்டாலும் முதலில் 'ரீலோடு இன் 10' என்று தட்டிவிடுவேன். பத்து நிமிடத்தில் தானாக அணைந்து எழும்படி ஒரு கெடு. எல்லாம் நலமென்றால் கெடுவை ரத்து செய்துவிட்டுச் சேமிப்பேன். ஜூனிப்பர் நிறுவனக் கருவிகளில் இதைவிட நாகரிகமான ஏற்பாடு இருக்கிறது: 'கமிட் கன்ஃபர்ம்டு' என்று கொடுத்தால், பத்து நிமிடத்துக்குள் நாம் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்குத் தானே திரும்பிவிடும், அணைந்து எழ வேண்டியதில்லை. இந்தக் கட்டளைகள் எல்லாம் என்னைப் போன்ற யாரோ ஒருவர் நள்ளிரவில் வியர்த்ததால் பிறந்தவை என்றே நம்புகிறேன்.

கே: எதற்கெடுத்தாலும் "நெட்வொர்க் சரியில்லை" என்கிறார்களே, கோபம் வராதா?
– வங்கி ஊழியர், திண்டிவனம்

ப: முதல் பத்து வருடம் வந்தது. இப்போது வயர்ஷார்க் இருக்கிறது. ஜெரால்டு கோம்ப்ஸ் 1998-இல் ஈத்தரியல் என்ற பெயரில் வெளியிட்டார். 2006-இல் இந்தப் பெயருக்கு மாறியது. சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்தில் பில் திரை திறக்க ஒன்பது விநாடி ஆகிறது, கேபிளை மாற்றுங்கள் என்றார்கள். பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தேன். கேள்வி ஒரு மில்லிவிநாடியில் சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 'வந்து சேர்ந்தது' என்ற ஒப்புகையும் உடனே வந்துவிட்டது. அதன் பிறகு ஒன்பது விநாடி சர்வர் மௌனம். அந்தத் திரையை அச்செடுத்து, மௌனத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தேன். தரவுத்தளத்தில் தேடலை விரைவாக்கும் ஓர் இண்டெக்ஸ் விட்டுப்போயிருந்தது. கேபிள் இன்னும் அதே கேபிள்தான்.

ஆனால் சில நேரம் அவர்கள் சொல்வதும் சரி. கடற்கரைப் பக்கத்து விடுதிகளில் உப்புக் காற்று செம்புக் கம்பியைப் பச்சை பிடிக்க வைத்துவிடும். அங்கே நான் வாதாடுவதில்லை. கிரிம்பிங் கருவியை எடுத்து முனையை வெட்டிப் புதிதாகப் போடுவேன்.

கே: செயற்கை நுண்ணறிவு உங்கள் வேலையைப் பறித்துவிடுமா?
– வாசகர், விருத்தாசலம்

ப: இருநூறு கருவிகளின் பதிவேட்டிலிருந்து வேண்டிய வரியை மட்டும் பிரித்தெடுக்கும் சிறு நிரலை எனக்காக அது எழுதித் தருகிறது. முன்பு அரை நாள் வேலை. நன்றி சொல்கிறேன். ஆனால் சுவிட்ச் கட்டளை கேட்டால் ஒரு நிறுவனத்தின் கட்டளையில் இன்னொன்றின் வாலை ஒட்டி, துளிக்கூடத் தயங்காமல் கொடுக்கிறது. தயங்கத் தெரியாத ஆளை நான் இரவு வேலைக்குச் சேர்த்துக்கொள்வதில்லை.

கே: பெண்ணாக இருந்துகொண்டு இரவு வேலை. வீட்டில் ஒப்புக்கொள்கிறார்களா?
– வாசகி, பாகூர்

ப: என் கணவர் நெய்வேலியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். அவரிடம் இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை.

இருந்தாலும் நீங்கள் கேட்டது எதற்கு என்று புரிகிறது, அதனால் உண்மையைச் சொல்கிறேன். இரவு கடினமில்லை, மறுநாள் காலைதான் கடினம். மூன்று மணிக்கு வேலை முடித்துப் படுத்தாலும் ஐந்தரைக்குப் பால்காரர் மணி அடிப்பார், மாமியார் காபி கேட்பார். பல வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன். பிறகு ஒருநாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டினேன்: எந்தெந்த இரவு வேலை, எத்தனை மணி வரை எழுப்பக் கூடாது, அதுவரை காபி யார் பொறுப்பு. அலுவலகத்தில் மாற்றத் திட்டம் எழுதுகிற அதே படிவம். முதல் வாரம் சிரித்தார்கள். இப்போது மாமியாரே தாளைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு உனக்கு எட்டு மணி வரை விடுப்பு" என்கிறார்.

கே: எங்கள் வீட்டு வைஃபை படுக்கையறையில் மட்டும் வருவதில்லை.
– வாசகர், வில்லியனூர்

ப: தெரியும், இந்தக் கேள்வி வரும் என்று. ரவுட்டர் இரும்பு பீரோவுக்கு மேலேயோ பின்னாலேயோ இருக்கும். இறக்கி வையுங்கள். பிறகும் வராவிட்டால் வைஃபை அலைவரிசையை 5 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.4-க்கு மாற்றிப் பாருங்கள். வேகம் குறையும், சுவரைத் தாண்டும்.

கே: மகன் இந்தத் துறைக்கு வர ஆசைப்படுகிறான். எந்தச் சான்றிதழ் படிக்க வைக்கலாம்?
– வாசகர், சிதம்பரம்

ப: சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ சான்றிதழ் படிக்கட்டும், தவறில்லை. பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை கொடுங்கள். வீட்டில் ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டியதிலிருந்து பக்கம் திறப்பது வரை நடப்பதையெல்லாம் ஒரு முழுத்தாளில், தமிழிலோ ஆங்கிலத்திலோ, படம் வரைந்து எழுதச் சொல்லுங்கள். பெயர் எப்படி எண்ணாகிறது, ரவுட்டர் என்ன செய்கிறது, பாதியில் பாக்கெட் தொலைந்தால் யாருக்குத் தெரியும். எழுதும்போது அவன் சாப்பாட்டை மறந்தால் சேர்த்துவிடுங்கள். கருவி வாங்கவே வேண்டாம். கணினிக்குள்ளேயே நெட்வொர்க் அமைத்துப் பழக உதவும் பாக்கெட் டிரேசர், ஜிஎன்எஸ்3 இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன.

கே: சென்னைக்கோ பெங்களூருக்கோ போயிருந்தால் இரண்டு மடங்கு சம்பாதித்திருப்பீர்களே?
– வாசகர், நெல்லிக்குப்பம்

ப: சென்னையில் இரண்டு வருடம் ஒரு தரவு மையத்தில் இருந்தேன். ஜன்னல் இல்லாத கூடம், பதினெட்டு டிகிரி குளிர், வெளியே மழையா வெயிலா என்று தெரியாது. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டபோது நான் அந்தக் கூடத்தில்தான் இருந்தேன். வீட்டில் யாருக்கும் போன் போகவில்லை. ஆயிரக்கணக்கான இணைப்புகள் பச்சையாக இருப்பதை நாள் முழுக்கக் கண்காணித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் எண் மட்டும் எடுக்கவில்லை. அடுத்த வருடம் ஊர் திரும்பிவிட்டேன்.

சம்பளம் குறைவுதான். மாதக் கடைசியில் அது நன்றாகவே தெரிகிறது. இன்று இரவு ஒன்றரைக்கு அரியாங்குப்பத்தில் ஒரு சுவிட்ச் மாற்ற வேண்டும், நேரில் போகிறேன். தாளை ஒட்டியாகிவிட்டது, இப்போது மாலை ஆறு மணி, கொஞ்சம் தூங்க வேண்டும்.