பல் வலிக்குப் போனால் பில் வலிக்கிறதா?

கேள்வி: சென்னை வளசரவாக்கத்துக்குக் குடிவந்து சில மாதங்கள் ஆகின்றன. கீழ்க் கடைவாய்ப் பல்லில் கூச்சம் இருந்ததால், ‘பரிசோதனை ரூ.200’ என்ற போர்டைப் பார்த்து ஒரு புதிய கிளினிக்குக்குப் போனேன். வெளியே வரும்போது பில் ரூ.3,650: பரிசோதனை 200, ஓபிஜி எக்ஸ்ரே 700, ஆர்விஜி எக்ஸ்ரே இரண்டு 600, ஸ்கேலிங் (பல் காரையைச் சுரண்டுவது) 1,500, பாலிஷிங் 400, ‘ஹைஜீன் கிட்’ 250. இரண்டு பற்களுக்கு ரூட் கேனாலும் கேப்பும் வேண்டுமாம், எஸ்டிமேட் ரூ.46,000. அன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி என்றார்கள். ஒரு பல்லில்தான் கூச்சம், அதுவும் சில நொடிகள்தான். இன்னொரு பல்லில் வலியே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில், அட்வான்ஸ் கட்டாதீர்கள். பல்லின் நிலை ஒரே நாளில் மாறிவிடாது. தள்ளுபடிக்குக் கெடு வைப்பது வியாபாரம், வைத்தியம் அல்ல.

கட்டிவிட்ட பணத்தில் எக்ஸ்ரே வீண் போகவில்லை. ஆர்விஜி ஒன்றிரண்டு பற்களை மட்டும் நெருக்கமாகக் காட்டும். ஓபிஜி இரண்டு தாடைகளையும் முழுதாகக் காட்டும். ஒரு பல் கூச்சத்துக்குப் பொதுவாக ஆர்விஜி போதும். ஞானப்பல், இம்ப்ளான்ட், கிளிப் போடுவது போன்றவற்றுக்குத்தான் ஓபிஜி அதிகம் தேவைப்படும். கையுறையும் கருவிகளின் சுத்தமும் பரிசோதனைக் கட்டணத்துக்குள் அடங்க வேண்டியவை. ‘கிட்’ என்று தனியாக வாங்கியதைத் தாராளமாகக் கேள்வி கேட்கலாம். விலை சொல்லாமல் ஸ்கேலிங் செய்திருந்தால் அதுவும் நியாயமான புகார்தான். உடனே செய்ய வேண்டியது ஒன்று: எக்ஸ்ரேக்களை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ ஃபைலாக வாங்குங்கள். திரையைச் செல்போனில் படம் பிடித்தது உதவாது. இன்னோர் இடத்தில் மறுபடி எக்ஸ்ரே எடுக்கும் செலவு இதனால் மிச்சமாகும்.

இனி அந்த 46,000. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீர் என்று வந்து, தண்ணீரை விழுங்கியதும் அடங்கிவிடும் கூச்சம் என்றால், பல்லுக்குள் இருக்கும் நரம்பு பெரும்பாலும் பிழைத்திருக்கிறது. சொத்தையைச் சுரண்டி அடைத்தாலே போதுமானதாக இருக்கலாம். தண்ணீரை விழுங்கிய பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் விண்விண் என்று தெறிப்பது, சூடு பட்டால் வலிப்பது, ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது எல்லாம் ரூட் கேனால் பக்கம் இழுக்கும் அறிகுறிகள். வலியே இல்லாத பல்லும் நல்ல பல் என்று சொல்லிவிட முடியாது. நரம்பு செத்துப்போயிருந்தால் வலி இருக்காது. ஆனால் எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பு நிழல் தெரியலாம். அதைக் காட்டச் சொல்லுங்கள். குளிர்ச்சி வைத்துப் பார்த்தார்களா, பல்லைத் தட்டிப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். எதுவுமே செய்யாமல் எஸ்டிமேட் போட்டிருந்தால் இரண்டாவது கருத்து கட்டாயம் தேவை.

எஸ்டிமேட்டைப் பல் எண்ணோடு எழுதி வாங்குங்கள். 46 என்றால் வலது கீழ் முதல் கடைவாய்ப் பல், 36 என்றால் இடது. ஒவ்வோர் எண்ணுக்கும் ரூட் கேனால், அதன் மேல் போடும் அடைப்பு, கேப் என மூன்றுக்கும் தனித்தனி விலை இருக்க வேண்டும். பில் எகிறுவது பெரும்பாலும் இங்கேதான்: போனில் சொல்வது ரூட் கேனால் விலையை மட்டும். மரத்துப்போக ஊசி போட்டு, ஊசி போன்ற மெல்லிய அரத்தால் வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து, மருந்தால் கழுவி, கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளை வைத்து அடைப்பதோடு அது முடிந்துவிடுகிறது. உள்ளே குடைந்த கடைவாய்ப் பல் மெல்லும்போது விண்டுபோகக்கூடும் என்பதால் அதற்குப் பெரும்பாலும் கேப் வேண்டும். முன்பற்களுக்குப் பல நேரம் அடைப்பே போதும். கேப்பிலும் விலை ஏணி உண்டு: முழு உலோகம், உலோகத்தின் மேல் பீங்கான், உலோகமே இல்லாமல் பல் நிறத்தில் இருக்கும் ஜிர்கோனியா. சிரித்தால் தெரியாத பின்பல்லுக்கு முழு உலோகக் கேப் தாராளம். அதைப் பற்றிக் கிளினிக்கில் யாரும் வாயே திறப்பதில்லை என்பது வேறு விஷயம். ஜிர்கோனியாதான் என்றால் பிராண்டு பெயரும் வாரண்டி கார்டும் கேளுங்கள். ஈஎம்ஐ என்றால் கவனம்: கடன் ஃபைனான்ஸ் கம்பெனியுடையது. பாதியில் டாக்டரை மாற்றினாலும் தவணை நிற்காது.

இரண்டாவது கருத்துக்குக் கோட்டை ரயில் நிலையம் அருகே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். உங்கள் பக்கத்திலேயே போரூர், மதுரவாயல், வேலப்பன்சாவடியில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் பார்ப்பார்கள். செலவு குறைவு, ஆனால் நாலைந்து முறை அலைய வேண்டிவரும்.

கட்டிய பணத்துக்குப் புகார் சொல்வதானால் முதலில் கிளினிக்குக்கு எழுத்தில் கொடுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காசு கொடுத்துப் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் உண்டு; கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் என்றால் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சில். பிரிஸ்கிரிப்ஷனில் உள்ள பதிவு எண்ணைக் குறிப்பிடுங்கள்.

இதற்கிடையில் கன்னமோ தாடையோ வீங்கினாலும், காய்ச்சல் வந்தாலும், வாய் திறக்கச் சிரமமானாலும் பில் பஞ்சாயத்தைத் தள்ளிவைத்துவிட்டு அன்றைக்கே பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.