மூன்று வாரத்தில் ஒரு ஃபேஷன் ஷோ: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆடை வரலாறு பற்றி நீங்கள் எழுதும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். சென்னையில் நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சென்ற வாரம் இளம் ஆடை வடிவமைப்பாளர் ஒருவர் எங்களிடம் வந்தார். தன்னுடைய முதல் தொகுப்பை மூன்று வாரத்துக்குள் ஃபேஷன் ஷோவாக மேடையேற்ற வேண்டும், கடைக்காரர்கள் வந்து பார்க்க வேண்டும், பத்திரிகைகளில் செய்தி வர வேண்டும் என்கிறார். இதற்கு மூன்று மாதமாவது வேண்டும் என்பது என் மேலாளரின் கருத்து. ஆனாலும் வந்த வேலையை விட மனமில்லாமல் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டார். இவ்வளவு குறைந்த அவகாசத்தில் நடந்து, உண்மையிலேயே பேசப்பட்ட ஷோக்கள் இருக்கின்றனவா? அவற்றை எப்படி நடத்தினார்கள்? ஆட்களை வரவழைக்கும் வேலையை எங்கிருந்து தொடங்குவது? முடியாது என்று சொல்லிவிடுவதுதான் நேர்மையா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

இருக்கின்றன. கடந்த அரை நூற்றாண்டில் மிக அதிகமாகப் பேசப்பட்ட ஷோக்களில் ஒன்று, பணமும் இடமும் இல்லாத நிலையில் சில வாரங்களுக்குள் உருவானது. 1994 மார்ச் மாதம் பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் ஜான் காலியானோ நடத்திய ஷோவைச் சொல்கிறேன். உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அதில் விடை இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காலியானோ லண்டனில் படித்தவர். 1984இல் படிப்பு முடியும்போது அவர் காட்டிய தொகுப்பை முழுமையாக ஒரு கடை வாங்கிக்கொண்டது. திறமையைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் பணம் போட்டவர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள். பாரிஸுக்குக் குடிபெயர்ந்த பிறகும் நிலைமை மாறவில்லை. 1994 தொடக்கத்தில், அந்தப் பருவத்துக்கான ஷோவை நடத்துவதற்கே அவரிடம் வழியில்லை. அப்போது அமெரிக்க 'வோக்' இதழின் ஆசிரியர் அன்னா வின்டூரும் அவருடன் பணியாற்றிய ஆந்த்ரே லியோன் டாலியும் தலையிட்டார்கள். ஒரு முதலீட்டு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் வழியாகக் கொஞ்சம் பணம் கிடைத்தது. பாரிஸில் சாவோ ஷ்லும்பெர்ஜே என்ற செல்வந்தப் பெண்மணிக்குச் சொந்தமான ஒரு பழைய மாளிகை ஆளில்லாமல் கிடந்தது. அதை அவர் ஷோவுக்காகக் கொடுத்தார்.

இனி காலியானோ செய்தவற்றைப் பாருங்கள். ஒரு சாதாரணத் தொகுப்பின் அளவுக்கு ஆடைகளைத் தைக்க நேரமில்லை என்று தெரிந்ததும் எண்ணிக்கையைப் பதினேழு அளவில் நிறுத்திக்கொண்டார். பல வகைத் துணிகளைத் தேடி அலையவில்லை. ஒரு பக்கம் சாட்டின்போல மின்னி மறுபக்கம் மங்கலாக இருக்கும் ஒரு கிரேப் துணியை, பெரும்பாலும் கருப்பில், எடுத்துக்கொண்டார். அதே துணியை இரு பக்கமும் திருப்பித் திருப்பிப் பயன்படுத்தியதால், ஒற்றைத் துணியிலிருந்து இரண்டு துணிகளின் தோற்றம் கிடைத்தது. மேடை கட்டவில்லை. மாளிகையின் அறைகளே மேடையாயின. தரையில் உலர்ந்த இலைகளைப் பரப்பி, கலைந்த படுக்கைகளையும் கவிழ்ந்த நாற்காலிகளையும் வைத்து, கைவிடப்பட்ட வீட்டைக் கைவிடப்பட்ட வீடாகவே காட்டினார். அழைப்பிதழாகத் துருப்பிடித்த சாவிகள் போயின. கேட் மாஸ், நவோமி கேம்பல், லின்டா எவாஞ்சலிஸ்டா போன்று அன்று உச்சத்தில் இருந்த மாடல்கள் ஊதியம் வாங்காமல் நடந்தார்கள். அடுத்த ஆண்டே பாரிஸின் புகழ்பெற்ற ஆடை நிறுவனமான ஜிவான்ஷியின் வடிவமைப்புப் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது, 1996இல் இன்னொரு பெரிய நிறுவனமான டியோரின் பொறுப்பு.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாகக் காலியானோவின் மேதைமையில் நின்றுவிடுகிறார்கள். நிகழ்ச்சி நடத்துபவர் கவனிக்க வேண்டியது வேறு. அவகாசம் குறைந்ததும் அங்கே எல்லாவற்றின் அளவும் சேர்ந்து குறைக்கப்பட்டது. ஆடை, துணி, இருக்கை, இடம், எதிலும் பெரிய ஷோவின் சின்ன நகலாக இருக்க அவர்கள் முயலவில்லை. மூன்று மாதத்தில் செய்ய வேண்டியதை மூன்று வாரத்தில் அடைக்கப் பார்ப்பவர்கள் கடைசி இரவில் உடைந்துபோகிறார்கள். மூன்று வாரத்தில் நிறைவாக முடியக்கூடிய நிகழ்ச்சி எது என்று முதலில் கேட்டுக்கொள்பவர்களுக்கு ஒத்திகைக்கும் நேரம் மிஞ்சுகிறது. உங்களுடைய வடிவமைப்பாளரிடம் நீங்கள் பேச வேண்டிய முதல் விஷயமும் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆட்களை வரவழைக்கும் கேள்விக்கு வருகிறேன். யாரை, எப்படி வரவழைப்பது என்பதற்கு 1994ஐவிட 1951 உங்களுக்கு அதிகம் உதவும். இத்தாலியில் ஃப்ளோரன்ஸ் நகரில் ஜியோவன்னி பத்திஸ்தா ஜோர்ஜினி என்று ஒருவர் இருந்தார். அமெரிக்கப் பெருங்கடைகளுக்காக இத்தாலியக் கைவினைப் பொருள்களைத் தேர்ந்து வாங்கி அனுப்புவது அவர் தொழில். இரண்டாம் உலகப் போருக்கு முன்பிருந்தே அதைச் செய்துவந்தவர். அக்காலத்தில் உயர்தர ஆடை என்றால் பாரிஸ்தான். இத்தாலியத் தையலகங்களிலும் பாரிஸ் வடிவங்களைப் பார்த்துத் தைப்பதே வழக்கம். இத்தாலிய ஆடைகளை நியூயார்க்கில் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் காட்டலாம் என்று ஜோர்ஜினி முதலில் திட்டமிட்டார். செலவு தாங்காது என்றானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. அமெரிக்காவுக்கு ஆடைகளைக் கொண்டுபோக முடியாவிட்டால் அமெரிக்கர்களை இங்கே வரவைப்பது என்று முடிவெடுத்து, தான் வசித்த வில்லா தொரிஜானி என்ற வீட்டிலேயே 1951 பிப்ரவரி 12 அன்று ஷோவைத் தொடங்கினார்.

அந்தத் தேதியில்தான் அவருடைய முழுத் திறமையும் இருக்கிறது. பிப்ரவரித் தொடக்கத்தில் அமெரிக்கக் கடைகளின் கொள்முதல் அதிகாரிகள் (திருப்பூர் வழக்கில் சொன்னால் பையர்கள்) எப்படியும் பாரிஸ் ஷோக்களுக்காகக் கடல் கடந்து வந்திருப்பார்கள். பாரிஸ் முடிந்த கையோடு ஃப்ளோரன்ஸில் ஷோவை வைத்தால், அவர்கள் நீட்டிக்க வேண்டியது சில நாள்களை மட்டுமே. பல ஆண்டு வியாபாரத்தில் அவரை அறிந்தவர்களுக்கு அவரே நேரடியாக எழுதினார். வந்தவர்கள் ஒரு கைக்குள் அடங்கக்கூடிய சில கடைகளின் பிரதிநிதிகள்தான்: நியூயார்க்கின் பெர்க்டார்ஃப் குட்மேன், பி. ஆல்ட்மேன், சான் ஃபிரான்சிஸ்கோவின் ஐ. மேக்னின், மான்ட்ரியலின் ஹென்றி மார்கன். அவர்கள் முன்னால் ஃபொன்தானா சகோதரிகள், சிமொனெத்தா, ஃபாபியானி, எமிலியோ பூச்சி உள்ளிட்ட இத்தாலியர்கள் தங்கள் ஆடைகளைக் காட்டினார்கள். வந்தவர்கள் சிலரே என்றாலும், வாங்குவதா வேண்டாமா என்று அந்த இடத்திலேயே முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருந்தது. பாரிஸிலேயே பணத்தைச் செலவழித்துவிட்டு வந்தவர்கள் இங்கும் வாங்கினார்கள். அதே ஆண்டு ஜூலையில் இரண்டாவது ஷோவை ஃப்ளோரன்ஸின் கிராண்ட் ஹோட்டலில் நடத்த வேண்டியதாயிற்று, வீடு போதவில்லை. 1952 ஜூலையில் அது பித்தி அரண்மனையின் வெள்ளை மண்டபத்துக்குப் போனது.

ஜோர்ஜினி செய்த இன்னொரு செயல் எனக்கு மிகவும் பிடித்தது. ஷோவை ஒட்டி நடந்த விருந்துக்கு அழைத்தபோது, பெண்கள் இத்தாலிய உணர்வில் உருவான ஆடைகளையே அணிந்து வரும்படி அழைப்பிதழிலேயே கேட்டுக்கொண்டார். ஊரின் மேட்டுக்குடியினர் அப்படியே வந்தார்கள். ஆக, மாடல்கள் நடந்து முடிந்த பிறகும் அந்தக் கொள்முதல் அதிகாரிகள் திரும்பிய பக்கமெல்லாம் இத்தாலிய ஆடைகளே நடமாடின. இதற்குத் தனியாக ஒரு செலவும் இல்லை.

நம் ஊரில் நிச்சயம் முடிந்து அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் என்று ஆகிவிட்டால், பெரியவர்கள் பந்தலைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு, யார் யாரை நேரில் போய் அழைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதத் தொடங்குவார்கள். நீங்களும் அப்படியே தொடங்குங்கள். இந்தத் தொகுப்பை வாங்கி விற்கக்கூடிய கடைகள் எவை, அங்கே முடிவெடுப்பவர் யார், ஆடைகளைப் பற்றித் தெரிந்து எழுதக்கூடிய பத்திரிகையாளர்கள் யார் என்று முப்பது நாற்பது பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். அவர்களில் முக்கியமானவர்களிடம் எந்த நாளில் ஊரில் இருப்பார்கள் என்று கேட்டுவிட்டுத் தேதியைக் குறியுங்கள். மண்டபம் கிடைக்கும் நாளைத் தேதியாக வைத்துவிட்டுப் பிறகு ஆள் தேடுவது, பெரும்பாலான அவசர நிகழ்ச்சிகள் சறுக்கும் இடம். இந்த நாற்பது பேருக்கும் பொது மின்னஞ்சல் அனுப்பிப் பயனில்லை. வடிவமைப்பாளரே ஒவ்வொருவருடனும் தொலைபேசியில் பேச வேண்டும். அவர் கூச்சப்படுவார், வற்புறுத்துங்கள்.

பத்திரிகைகளைப் பொறுத்தவரை ஒரு விஷயத்தை வடிவமைப்பாளரிடம் முதலிலேயே தெளிவுபடுத்திவிடுவது நல்லது. மாத இதழ்கள் பல வாரங்களுக்கு முன்பே பக்கங்களை முடித்துவிடுபவை. மூன்று வார அவகாசத்தில் அவற்றைத் துரத்தினால் ஏமாற்றமே மிஞ்சும். நாளிதழ்களுக்கும் இணையத்துக்கும் அந்தத் தடை இல்லை. அவர்களுக்குத் தேவை நல்ல படங்கள், அவையும் அன்றிரவே. உங்கள் விளம்பரத் தொகையில் பெரும்பகுதியை ஷோவுக்கு முந்தைய பேனர்களுக்குச் செலவழிக்காமல், ஒரு நல்ல புகைப்படக்காரருக்கும், படங்களைத் தேர்ந்து ஆடையின் பெயர், துணி, விலை ஆகிய குறிப்புகளுடன் ஷோ முடிந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அனுப்பிவைக்கும் ஒருவருக்கும் ஒதுக்குங்கள். அரங்கில் இருந்தவர்கள் நாற்பது பேரே என்றாலும் படங்கள் எவ்வளவு தூரமும் போகும். 2020 பிப்ரவரி 23 அன்று மிலானில் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜோர்ஜியோ அர்மானி ஆளே இல்லாத அரங்கில் ஷோ நடத்தியது நினைவிருக்கலாம். வடக்கு இத்தாலியில் கொரோனா பரவத் தொடங்கியிருந்ததால், விருந்தினர்களை வரவேண்டாம் என்று முந்தைய நாள்தான் அறிவித்தார்கள். மாடல்கள் காலி இருக்கைகளுக்கு முன்னால் நடந்தார்கள், உலகம் இணையத்தில் பார்த்தது. ஒரே நாளில் அதைச் சாத்தியமாக்கியது, ஆடைகள் எல்லாம் தயாராக இருந்ததும் கேமராக்கள் ஏற்கெனவே அங்கே இருந்ததும்தான்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக: திறந்த வெளியைத் தவிர்த்துவிடுங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி, இரவு பத்து மணிக்கு மேல் ஒலிக்கக் கூடாது என்ற விதி, மழை என்று ஒவ்வொன்றும் ஒரு நாளைத் தின்னும். மின்சாரம், நாற்காலி, கழிப்பறை, ஆடை மாற்ற நல்ல அறை எல்லாம் முன்பே உள்ள இடமாகப் பாருங்கள். ஓர் ஓவியக் கூடம், ஒரு பழைய வீடு, வடிவமைப்பாளரின் பட்டறையே கூடப் போதும். பதிவுசெய்த பாடல்களைப் பொது நிகழ்ச்சியில் ஒலிக்கவிட உரிமம் வேண்டும் என்பதைக் கடைசி நாளில் நினைவுகூர்பவர்கள் அதிகம்; அதை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

இனி, எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் ஒன்று. அவகாசம் குறையும்போது அந்தச் சுமை யார் மீது இறங்குகிறது என்று பாருங்கள். அழைப்பிதழில் பெயர் வராத கட்டிங் மாஸ்டர் மீதும், டெய்லர்கள் மீதும், இஸ்திரி போடுபவர் மீதும்தான் இறங்குகிறது. ஷோவுக்கு முந்தைய இரவுகளில் விடிய விடியத் தைத்தவருக்கு வழக்கமான கூலியைக் கொடுத்து அனுப்புவதும், "பெயர் கிடைக்கும், வந்து நடந்துவிட்டுப் போ" என்று புதிய மாடல்களிடம் சொல்வதும் இந்தத் தொழிலில் சாதாரணமாகிவிட்டன. காலியானோவுக்காக ஊதியமின்றி நடந்தவர்கள் உலகிலேயே அதிக ஊதியம் பெற்ற மாடல்கள். அவர்களால் அந்த உதவியைச் செய்ய முடிந்தது, செய்தார்கள். இருபது வயதில், பேருந்துக் கட்டணத்தைக் கணக்குப் பார்த்து ஃபிட்டிங்குக்கு வரும் ஒரு பெண்ணிடம் அதையே எதிர்பார்க்க நமக்கு எந்த உரிமையும் இல்லை. உங்கள் செலவுத் திட்டத்தின் முதல் வரியாக இரவு வேலைக்கான கூடுதல் கூலியையும் மாடல்களின் ஊதியத்தையும் எழுதுங்கள். அதற்குப் பிறகு மிஞ்சும் தொகைக்குள் பூ அலங்காரமும் விளக்கும் அடங்கட்டும்.

முடியாது என்று சொல்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கான விடை உங்கள் அலுவலகத்தில் இல்லை, வடிவமைப்பாளரின் பட்டறையில் இருக்கிறது. நாளையே அங்கே போய், முழுதாகத் தைத்து முடித்து ஹேங்கரில் தொங்கும் ஆடைகளை எண்ணிப் பாருங்கள். வரைபடத்தில் இருப்பவற்றையும், துணி வாங்கி வைத்திருப்பவற்றையும் கணக்கில் சேர்க்காதீர்கள். பன்னிரண்டு ஆடைகள் முடிந்திருந்து, இன்னும் ஐந்தாறை அவசரமில்லாமல் தைத்து முடிக்க ஆட்களும் இருந்தால், வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்றோ நான்கோதான் என்றால் ஷோவைக் கைவிட்டு, பத்துக் கடைக்காரர்களை ஒவ்வொருவராகப் பட்டறைக்கே அழைத்து அவற்றைக் கையில் கொடுத்துக் காட்டும்படி சொல்லுங்கள். அந்தச் சந்திப்புகளை ஏற்பாடு செய்வதற்கும் உங்கள் நிறுவனம் கட்டணம் வாங்கலாம். உங்கள் மேலாளரும் அதை மறுக்க மாட்டார்.

அன்புடன்.