நுரையீரலில் நீர் நிற்கும்போது ஆக்சிஜன்?

கேள்வி: நுரையீரல் காற்றறைகளில் புரதக் கசடு சேரும் அரிய நோய் என் அண்ணனுக்கு. உப்புநீரால் கழுவ வேண்டுமாம். அப்போது ஆக்சிஜன் எப்படிக் கிடைக்கும்?

பதில்: ஒரு சமயத்தில் ஒரு பக்கம்தான் கழுவுவார்கள். முழு மயக்கத்தில், இரு நுரையீரல்களையும் தனித்தனியாகப் பிரிக்கும் இரட்டைக் குழலை மூச்சுக்குழாயில் செலுத்தி, ஒரு நுரையீரலுக்கு வென்டிலேட்டர் வழியே 100 சதவீத ஆக்சிஜன். மற்றதில் 37 டிகிரிக்குச் சூடாக்கிய சலைன், தடவைக்கு அரை முதல் 1 லிட்டர். பால்போல் வடியும் நீர் தெளியும்வரை தொடரும். மொத்தம் 10 லிட்டரைத் தாண்டுவது வழக்கம்.

நீர் நிறைந்திருக்கும்போது ஆக்சிஜன் குறையும் என்றுதான் தோன்றும். பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. நீரின் அழுத்தம் அப்பக்க ரத்தக்குழாய்களை நெரிப்பதால், ரத்தம் காற்றுள்ள பக்கம் போய்விடும். வடிக்கும்போது அது காற்றில்லாத பக்கத்துக்கே திரும்பும்; கவனம் தேவைப்படும் நேரம் அதுவே.

உண்மையில் அஞ்ச வேண்டியது கசிவு. குழல் சற்று நகர்ந்தாலும் நீர் மறுபக்கம் புகும். வடியும் நீரில் குமிழி, உள்ளே விட்டதைவிடக் குறைவாகத் திரும்பும் நீர், திடீரென இறங்கும் ஆக்சிஜன் ஆகியவை அடையாளங்கள். உடனே நிறுத்தி, நீரை உறிஞ்சி, மெல்லிய கேமராக் குழாயால் குழலின் இடத்தைச் சரிபார்ப்பார்கள்.

கழுவும் முன்பே ஒற்றை நுரையீரல் தாங்காது எனத் தெரிந்தால், எக்மோ கைகொடுக்கும். தொடைச் சிரையிலிருந்து ரத்தத்தை எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, கழுத்துச் சிரை வழியாகத் திருப்பும் கருவி அது. ரத்தம் உறையாமல் ஹெப்பாரின் கொடுப்பதால் ரத்தக்கசிவு அபாயமும் உண்டு. எக்மோ வசதி அண்ணனுக்குக் கழுவும் மருத்துவமனையில் உள்ளதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.